சன்னியின் அண்ணன்

ஜேம்ஸ் பால்ட்வின் 1957இல் எழுதிய 'சன்னீஸ் ப்ளூஸ்' சிறுகதையைப் போன மாதம் எங்கள் வாசிப்பு வட்டத்தில் பேசினோம். வழிதவறிய தம்பி, பொறுப்பான அண்ணன், கடைசியில் சமாதானம் என்றே பலரும் புரிந்துகொண்டிருந்தார்கள். "அண்ணன் ரொம்பப் பக்குவமான ஆள்" என்றார் ஒரு தோழர். எனக்கு உடன்பாடில்லை. அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை, இப்போது எழுதுகிறேன்.

கதை நடப்பது நியூயார்க்கில், கறுப்பின மக்கள் வாழும் ஹார்லெமில். கதை சொல்லும் அண்ணன் அல்ஜீப்ரா ஆசிரியர். கதையில் அவருக்குப் பெயரே இல்லை. தம்பி சன்னி ஹெராயின் வழக்கில் கைதானதைச் சுரங்க ரயிலில் போகும்போது செய்தித்தாளைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார். அதன்பிறகும் நெடுநாள் ஒரு கடிதம்கூடப் போடவில்லை. தன் சின்ன மகள் போலியோவில் இறந்தபிறகுதான் தம்பிக்கு எழுதக் கை வருகிறது.

இதுவா பக்குவம்?

பழைய காட்சி ஒன்று வருகிறது. ஜாஸ் வாசிக்கப் போகிறேன் என்கிறான் சன்னி. லூயி ஆம்ஸ்ட்ராங் மாதிரியா என்று அண்ணன் கேட்கிறார். சன்னிக்கு எரிச்சல். சார்லி பார்க்கர் என்கிறான். யார் அது என்று அண்ணனுக்குத் தெரியாது. தம்பி உயிராக நினைப்பவரின் பெயரையே அவர் கேள்விப்பட்டதில்லை. வயிற்றுப்பாட்டுக்கு என்ன செய்வாய், முதலில் பள்ளிக்கூடத்தை முடி என்பதுதான் அவர் கவலை.

அவர் கெட்டவரில்லை, பயந்தவர். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பதை அம்மா சொல்லும் ஒரு பழைய நிகழ்வில் வைத்திருக்கிறார் பால்ட்வின். அப்பாவுக்கு உடன்பிறந்தவர் ஒருவர் இருந்தார். கிட்டார் வாசித்துப் பாடுவார். ஒரு சனிக்கிழமை இரவு, குடித்திருந்த வெள்ளையர்கள் வேடிக்கைக்காக அவரை நோக்கிக் காரை விட்டார்கள். அப்பாவின் கண்ணெதிரே அவர் நசுங்கிச் செத்தார். பிள்ளைகளிடம் அப்பா இதைப் பற்றி மூச்சு விட்டதில்லை. அப்படியொரு ஆள் இருந்ததே அதுவரை அண்ணனுக்குத் தெரியாது.

அண்ணன் தம்பி பிரிவு ஹெராயினில் தொடங்கவில்லை, அந்தச் சாலையில் தொடங்கியது என்பதுதான் என் வாசிப்பு. நிறவெறி ஒருவரைக் கொன்றதோடு நிற்கவில்லை. நடந்தது மறைக்கப்பட்டதால் பிள்ளைகளுக்குக் காரணம் தெரியாத பயம் மட்டும் வந்து சேர்ந்தது. ஒருவர் அந்தப் பயத்தோடு படித்து வேலைக்குப் போனார். இன்னொருவர் பியானோவுக்குப் போனார்.

இதைப் புரிந்துகொள்ள நான் ஹார்லெம் வரை போக வேண்டியதில்லை. அந்தத் தெரு வழியாகச் சைக்கிளில் போகாதே என்று அம்மா சொல்வார். ஏன் என்று சொல்ல மாட்டார். கல்லூரி முடித்து வேலைக்கு வந்தபிறகுதான் எனக்குக் காரணம் தெரிந்தது. என் தம்பி பறையடிக்கிறான். நான் படித்த கல்லூரியின் விழாவுக்குத் தன் குழுவோடு வந்திருந்தான். யார் என்று கேட்ட நண்பர்களிடம் "எங்க ஊர்ப் பையன்" என்றேன். அவன் பக்கத்தில்தான் நின்றிருந்தான். ஒன்றும் சொல்லவில்லை. அதிலிருந்து நாங்கள் சரியாகப் பேசிக்கொள்வதில்லை. பறையை விடுதலையின் இசை என்று மேடையில் பேச எனக்குத் தெரியும். அவன் என்ன அடிக்கிறான் என்று ஒருநாளும் உட்கார்ந்து கேட்டதில்லை.

கதையின் முடிவில் அண்ணன் முதன்முறையாகத் தம்பி வாசிக்கும் கிளப்புக்குப் போய், இருட்டான மூலையில் உட்கார்ந்து கேட்கிறார். இதைச் சமாதானம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. வெளியே உலகம் அப்படியே காத்திருக்கிறது என்பது அவருக்கும் தெரியும். சன்னி திரும்பவும் ஊசிக்குப் போகலாம். ஒரு மனிதர் வாயை மூடிக்கொண்டு கேட்டார், அவ்வளவுதான். அதற்கே அவருக்கு இத்தனை வருடம் பிடித்தது.

வருகிற சனிக்கிழமை தம்பிக்கு நிகழ்ச்சி இருப்பதாக அம்மா சொன்னார். எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.

"அவன்கிட்டயே கேளேன்" என்றார்.