கட்சி யாருக்குச் சொந்தம்?

சென்ற மாதம் நம் சங்கத்து வாசகசாலையில் ஒரு வாக்குவாதம். அமெரிக்கத் தேர்தல் முறையைப் பற்றிய கட்டுரை ஒன்றைப் படித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், தாளை மடித்து மேசைமேல் போட்டுவிட்டுக் கேட்டார்: "எதிர்க்கட்சிக்காரன் வந்து நம் கட்சிக்கு வேட்பாளரைப் பொறுக்கித் தருவானாம்! சட்டமும் அதற்கு இடம் கொடுக்கிறதாம்! இது கட்சியா, இல்லை சத்திரமா?" சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம். ஆனால் அந்தக் கேள்வி அத்தோடு நம்மை விடவில்லை. பெரியவரின் கோபத்தில் நியாயம் உண்டு. ஆயினும் அவர் வந்த முடிவுக்கு நம்மால் வர இயலவில்லை. ஏன் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

நம் நாட்டில் வேட்பாளர் எப்படி உருவாகிறார் என்பது வாசகர்கள் அறிந்ததே. விண்ணப்பம் போடுகிறார்கள், நேர்காணல் என்கிறார்கள், தலைமை நிலையத்து வாசலில் கால் கடுக்க நிற்கிறார்கள், கடைசி நேரத்தில் 'பி' படிவம் யார் கைக்குப் போகிறதோ அவரே வேட்பாளர். வாக்காளனை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. 2014-ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலின்போது காங்கிரஸ் கட்சி விரல்விட்டு எண்ணக்கூடிய சில தொகுதிகளில் கட்சிக்காரர்களை வாக்களிக்கச் செய்து வேட்பாளரைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தது. அது வழக்கமாக வேரூன்றவில்லை.

அமெரிக்காவில் நிலைமை வேறு. நவம்பரில் நடப்பது பொதுத்தேர்தல். அதற்குச் சில மாதங்கள் முன்பே, ஒவ்வொரு கட்சிக்கும் யார் வேட்பாளர் என்பதை மக்களே வாக்களித்து முடிவு செய்கிறார்கள். இதைத்தான் பிரைமரி, அதாவது முதனிலைத் தேர்தல் என்கிறார்கள். இதைப் பெரும்பாலும் நடத்துவது கட்சி அன்று, மாநில அரசு. வாக்குச்சாவடி அரசுடையது, செலவு வரி கொடுக்கும் மக்களுடையது. இன்னொரு விந்தையையும் கேளுங்கள். அங்கே கட்சிக்காரன் என்பதற்கு உறுப்பினர் அட்டையும் இல்லை, சந்தாவும் இல்லை. சில மாநிலங்களில் வாக்காளர் பட்டியலில் பெயரைப் பதியும்போதே "நான் இன்ன கட்சி" என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தக் கட்சியின் முதனிலைத் தேர்தலில் மட்டுமே வாக்களிக்கலாம். இது மூடிய முறை. வேறு பல மாநிலங்களில் அப்படி ஒரு பதிவே கிடையாது. தேர்தல் நாளன்று இரண்டு கட்சிகளில் எதன் வாக்குச்சீட்டை வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். இது திறந்த முறை. விஸ்கான்சின் மாநிலத்தில் ராபர்ட் லா ஃபாலெட் என்ற ஆளுநர், மூடிய அறைக்குள் நாலு பேர் கூடி வேட்பாளரை முடிவு செய்வதை ஒழிக்கப் போராடினார். அதற்கான சட்டத்துக்கு 1904-இல் மக்கள் வாக்களித்து ஒப்புதல் தந்தார்கள். 1906-இல் முதல் தேர்தல் நடந்தது. எந்தக் கட்சிச் சீட்டில் முத்திரை இட்டோம் என்பதை அங்கே வாக்காளர் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

இப்படித் திறந்து வைத்தால் மாற்றுக் கட்சிக்காரர் நுழையத்தானே செய்வார்? செய்கிறார். குறும்புக்காகவும் நுழைகிறார். 2008-இல் பராக் ஒபாமாவுக்கும் ஹிலாரி கிளின்டனுக்கும் ஜனநாயகக் கட்சிக்குள் கடும்போட்டி நடந்தபோது, ரஷ் லிம்பா என்ற வானொலிப் பேச்சாளர் குடியரசுக் கட்சி நேயர்களைத் தூண்டிவிட்டார்: "போய் ஹிலாரிக்குப் போடுங்கள், அவர்கள் சண்டை நீடிக்கட்டும்" என்பது அவர் கணக்கு. எத்தனை பேர் போட்டார்களோ, ஒபாமா வேட்பாளரானார். நவம்பரில் குடியரசுத் தலைவரும் ஆனார். இத்தகைய தேர்தல்களை ஆராய்ந்த அறிஞர்கள் பலரும் கண்டது இதுதான்: கட்சி மாறி முதனிலையில் வாக்களிப்போரில் பெரும்பாலோர் குழி பறிக்க வருவதில்லை, அந்தப் பக்கம் உள்ளவர்களில் தங்களுக்குப் பிடித்தவருக்கோ, இருப்பதில் தேவலை என்று தோன்றுபவருக்கோதான் போடுகிறார்கள்.

உண்மையான குறும்பு பணத்தால் நடக்கிறது. 2012-இல் மிசூரி மாநிலத்தில் ஜனநாயகக் கட்சி செனட்டர் கிளேர் மெகாஸ்கில், எதிர்த்தரப்பில் மூன்று பேர் வேட்பாளராக முயன்றதைக் கண்டு, தாம் எளிதில் வெல்லக்கூடியவர் டாட் ஏக்கின் என்று கணித்தார். ஏக்கினைத் 'தீவிரப் பழமைவாதி' என்று காட்டும் விளம்பரங்களைத் தம் செலவிலேயே வெளியிட்டார். திட்டுவது போன்ற விளம்பரம். குடியரசுக் கட்சி வாக்காளர் காதுக்கு அதுவே பாராட்டு. ஏக்கின் முதனிலையில் வென்றார், நவம்பரில் தோற்றார். 2022-இல் பென்சில்வேனியா ஆளுநர் தேர்தலில் ஜாஷ் ஷபீரோ அணியும் இதே வித்தையைக் காட்டியது. பென்சில்வேனியாவில் இருப்பதோ மூடிய முறை! ஒரு ஜனநாயகக் கட்சிக்காரரும் உள்ளே நுழைய முடியாது. விளம்பரம் நுழைந்தது. வேலி போட்டவர்கள் வாக்காளனைத்தான் தடுத்தார்கள், பணத்தைத் தடுக்கவில்லை.

சரி, கட்சி விசுவாசம் என்று ஒன்று வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். வெயிலில் சுவரொட்டி ஒட்டியவனுக்கும், வீடு வீடாகப் படியேறியவனுக்கும் தேர்தலன்று மட்டும் தலைகாட்டுபவனுக்கும் ஒரே மதிப்பா? சங்கம் நடத்தும் நமக்கு இந்த எரிச்சல் புதிதன்று. ஆண்டு முழுதும் எட்டிப் பார்க்காதவர்கள், பொதுக்குழுவுக்கு முதல்நாள் பாக்கிச் சந்தாவைக் கட்டிவிட்டு மறுநாள் செயலாளர் யார் என்று தீர்மானிக்க வரிசையாக வந்து உட்காருவதை எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! அமெரிக்க உச்ச நீதிமன்றமும் இந்த வாதத்துக்குச் செவிசாய்த்திருக்கிறது. திறந்த முறையில் வந்த முடிவை ஏற்குமாறு ஜனநாயகக் கட்சியின் தேசிய மாநாட்டை விஸ்கான்சின் கட்டாயப்படுத்த முடியாது என்று 1981-இல் தீர்ப்பளித்தது. எல்லாக் கட்சி வேட்பாளர்களையும் ஒரே சீட்டில் போட்டு, பதவிக்குப் பதவி கட்சி தாண்டித் தேர்ந்தெடுக்கவிட்ட கலிபோர்னியா முறையை 2000-இல் செல்லாது என்றது. கட்சி என்பது ஒத்த கருத்துள்ளவர்கள் கூடும் சங்கம். யாரோடு கூடுவது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும் என்பது வாதத்தின் சாரம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இதே வாதத்தை டெக்சாஸ் மாநிலம் ஒரு காலத்தில் எதற்குப் பயன்படுத்தியது என்று தெரிந்தால் நன்றாக இராது.

உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய தென் மாநிலங்களில் ஜனநாயகக் கட்சி ஒன்றே கட்சி. அதன் முதனிலையில் வென்றவர் நவம்பரில் தோற்பதென்பது அபூர்வம். எனவே உண்மைத் தேர்தல் முதனிலையிலேயே முடிந்துவிடும். கறுப்பின மக்களுக்கு வாக்குரிமை இல்லை என்று சட்டம் எழுத முடியாது. அரசியல் சட்டத்தின் 15-ஆம் திருத்தம் குறுக்கே நிற்கிறது. ஆகவே 1923-இல் டெக்சாஸ் ஒரு சட்டம் செய்தது: ஜனநாயகக் கட்சியின் முதனிலையில் கறுப்பர் வாக்களிக்கலாகாது. நவம்பரில் தாராளமாக வாக்களிக்கலாம், முடிந்துபோன தேர்தலில்!

எல் பாசோ நகரத்துக் கறுப்பின மருத்துவர் லாரன்ஸ் நிக்சன் (பிற்காலத்துக் குடியரசுத் தலைவர் நிக்சனுக்கும் இவருக்கும் தொடர்பில்லை) வழக்காடினார். 1927-இல் வென்றார். டெக்சாஸ் உடனே சட்டத்தை மாற்றி, "யார் வாக்களிக்கலாம் என்பதைக் கட்சியின் நிர்வாகக் குழு முடிவு செய்யும்" என்றது. நிக்சன் மறுபடியும் நீதிமன்றப் படியேறினார். 1932-இல் மறுபடியும் வென்றார். அரசு சற்று விலகி நின்றுகொள்ள, கட்சி மாநாடே கூடி "வெள்ளையர் மட்டும்" என்று தீர்மானம் போட்டது. 1935-இல் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? கட்சி தனிப்பட்ட சங்கம். உறுப்பினர் யார் என்பது அதன் உரிமை என்றது. சங்க உரிமை! ஒன்பது ஆண்டுகள் கழிந்து, 1944-இல், ஹூஸ்டனைச் சேர்ந்த பல் மருத்துவர் லானி ஸ்மித்தின் வழக்கில்தான் அது உடைந்தது. அவருக்காக வாதாடியவர்களில் ஒருவர் தர்குட் மார்ஷல், பின்னாளில் அதே நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி. அரசுத் தேர்தலின் ஓர் அங்கமாக முதனிலை இருக்கும்போது அங்கே வாக்களிப்பது குடிமகனின் உரிமை என்றது தீர்ப்பு. அதன் பிறகும் ஒரு டெக்சாஸ் மாவட்டத்தில் 'ஜேபேர்ட்' சங்கம் என்ற பெயரில் வெள்ளையர்கள் முதனிலைக்கும் முன்னால் ஒரு முதனிலை நடத்திக்கொண்டிருந்தார்கள். அதை நிறுத்த 1953-ஆம் ஆண்டு வரை ஆயிற்று.

காலம் புரண்டது. தென் மாநில வெள்ளையர்களில் பெரும்பாலோர் குடியரசுக் கட்சிக்குப் போனார்கள். கறுப்பின மக்கள் ஜனநாயகக் கட்சியில் நின்றார்கள். கட்சிதான் மாறியது, ஒரே கட்சி ஆட்சி மாறவில்லை. மிசிசிப்பியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கறுப்பின மக்கள். இருந்தும் 1982-க்குப் பிறகு அந்த மாநிலத்தில் செனட் தேர்தலில் ஜனநாயகக் கட்சி வென்றதே இல்லை.

அங்கேதான் 2014-ஆம் ஆண்டின் அந்த நிகழ்ச்சி. தாட் காக்ரன், வயது 76, குடியரசுக் கட்சிச் செனட்டர், 1978-லிருந்து அசையாதவர், மத்திய அரசின் பணத்தைத் தம் மாநிலத்துக்குக் கொண்டுவருவதில் கைதேர்ந்தவர். அவரை எதிர்த்து அவர் கட்சிக்குள்ளேயே கிறிஸ் மெக்டேனியல் என்ற இளையவர் கிளம்பினார். மத்திய அரசு செலவழிப்பதே பாவம் என்னும் கூட்டம் அவருக்குப் பின்னால். ஜூன் 3-ஆம் தேதி மெக்டேனியல் சற்றே முந்தினார். ஆனால் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காததால் ஜூன் 24-இல் மறுதேர்தல். தோல்வி கண்ணுக்குத் தெரிந்தபோது காக்ரன் அணி யாரும் எதிர்பாராத கதவைத் தட்டியது: கறுப்பின மக்களின் கதவை. மிசிசிப்பியில் கட்சிப் பதிவு கிடையாது. ஜூன் 3-இல் ஜனநாயகக் கட்சிச் சீட்டை வாங்காதவர் எவரும் ஜூன் 24-இல் குடியரசுக் கட்சிச் சீட்டை வாங்கலாம். மறுதேர்தல் என்றால் வாக்களிப்போர் தொகை குறைவதே உலக வழக்கம். அன்று 60 ஆயிரத்துக்கும் மேல் கூடிற்று. காக்ரன் சுமார் 7,600 வாக்கில் தப்பினார்.

மெக்டேனியல் கொதித்தார். திருட்டு என்றார். மாநிலச் சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு: முதனிலையில் வாக்களிப்பவர், அங்கே தேர்வாகும் வேட்பாளரை நவம்பரிலும் ஆதரிக்கும் எண்ணம் உடையவராக இருக்க வேண்டும். எண்ணத்தை எந்த அதிகாரி சோதிப்பார்? வாக்குச்சாவடியில் மனசாட்சிக்குத் தராசு வைப்பதா? வழக்கு அந்தக் கேள்வி வரை போகவில்லை; கெடு கடந்து வந்த மனு என்று மாநில உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது.

வாசகசாலைப் பெரியவரை நாம் கேட்க விரும்புவது இதுதான். ஜாக்சன் நகரத்துக் கறுப்பினத் தாய் ஒருவரை எண்ணிப் பாருங்கள். நவம்பரில் அவர் கட்சி தோற்கும்; அது தெரிந்த விஷயம். பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் வருகிற மத்திய அரசுப் பணம் நிற்குமா, தொடருமா என்பது ஜூன் மாதத்திலேயே முடிவாகிறது. அவரிடம் போய் "அம்மா, அது பிறர் வீட்டுக் கல்யாணம், நீங்கள் தலையிடாதீர்கள்" என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. அந்தக் கல்யாணச் செலவில் அவர் வரிப்பணமும் இருக்கிறது. காக்ரனிடம் அவர்களுக்குப் பெரிய நன்றிக்கடன் கிடைத்துவிட்டது என்றும் நாம் சொல்லவில்லை. தென் மாநிலங்களைக் கட்டுக்குள் வைத்திருந்த வாக்குரிமைச் சட்டப் பிரிவை 2013-இல் உச்ச நீதிமன்றம் முடக்கிவிட்டது. அதை மீட்கும் சட்டம் காக்ரன் காலத்தில் நிறைவேறவில்லை. அவர்கள் கேட்டதும் சொர்க்கத்தையன்று. இருவரில் தீமை குறைந்தவரை. சொந்த மாநிலத்தை விட்டு வந்து, நம்மவர் என்று எவரும் நிற்காத தொகுதிகளில் காலமெல்லாம் வாக்களித்து வருகிற நமக்கு இந்தக் கணக்கை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

தாண்டி வருபவர்கள் எப்போதும் வெல்வதும் இல்லை. 2022-இல் வயோமிங் மாநிலத்தில் லிஸ் செனிக்காக ஜனநாயகக் கட்சியினர் பலர் கட்சிப் பதிவையே மாற்றிக்கொண்டார்கள். அவர் பெருந்தோல்வி அடைந்தார். 2024-இல், பஞ்சாபிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகளான நிக்கி ஹேலிக்குப் பல மாநிலங்களில் மாற்றுக் கட்சியினர் வாக்களித்தார்கள். தாம் ஆளுநராக இருந்த தென் கரோலினாவிலேயே டிரம்பிடம் தோற்றார். ஆயினும் வேலியை உயர்த்தும் வேலை ஓயவில்லை. செனி தோற்ற மறுவருடமே, வேட்புமனுக் காலம் தொடங்கியபின் கட்சிப் பதிவை மாற்றலாகாது என்று வயோமிங் சட்டம் கொண்டுவந்தது. தோற்றவர்களைக் கண்டே இவ்வளவு அச்சம்!

தூய்மையான கட்சிதான் வேண்டுமென்றால், சொந்தப் பணத்தில் மாநாடு கூட்டட்டும். சொந்த உறுப்பினரைக் கொண்டு வேட்பாளரை நிறுத்தட்டும். அதை நாம் குறை சொல்லமாட்டோம். அரசுப் பணம், அரசுச் சாவடி, அரசு அதிகாரி எல்லாம் வேண்டும், அரசின் குடிமகன் மட்டும் வேண்டாம் என்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

டெக்சாஸ் குடியரசுக் கட்சி 2024 மாநாட்டில் தன் முதனிலையை மூடுவதென முடிவு செய்தது. மாநிலச் சட்டம் திறந்த முறையாக இருப்பதால் 2025-இல் நீதிமன்றத்துக்குப் போயிற்று. வாதம் பழையது: யாரோடு கூடுவது என்பது சங்கத்தின் உரிமை. 1923-இன் நிற வெறியும் இதுவும் ஒன்றென்று நாம் சொல்லமாட்டோம், அது அநியாயமாகும். ஆனால் டெக்சாஸில் மாநிலம் தழுவிய எந்தப் பதவிக்கும் ஜனநாயகக் கட்சி கடைசியாக வென்றது 1994-ஆம் ஆண்டில்.