விசில் கொடுத்தால் நடுவர் ஆகிவிடுவாரா?

கூடைப்பந்து நடுவர்களுக்குப் பயிற்சி முகாம் என்றால் பல இடங்களில் நடப்பது இதுதான். வரவேற்புரை, பவர்பாயிண்ட், விதிப்புத்தகத்தை வரிவரியாக வாசித்தல், மதியச் சாப்பாடு, எழுத்துத் தேர்வு, குரூப் போட்டோ, சான்றிதழ். பக்கத்திலேயே மைதானம் காலியாகக் கிடக்கும்!

விதி தெரிய வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும்தான். 2010-ல் ஃபிபா மூன்று புள்ளிக் கோட்டை 6.25 மீட்டரிலிருந்து 6.75 மீட்டருக்குத் தள்ளியது. 2014-ல், எறிந்த பந்து வளையத்தில் பட்டு மறுபடி அதே அணியிடம் வந்தால் 24 விநாடிக்குப் பதில் 14 விநாடிதான் என்றது. 2017-ல், ஓடிக்கொண்டே பந்தைப் பிடிப்பவர் காலடியை எப்படி எண்ணுவது என்பதை மாற்றியது. இதையெல்லாம் வீட்டில் உட்கார்ந்தே படித்துவிடலாமே? இரண்டு வாரம் முன்னதாக அனுப்பி வைத்து, முகாம் தொடங்கும்போதே தேர்வு வைத்தால் தீர்ந்தது.

வீட்டில் படிக்க முடியாதது ஒன்று உண்டு. முழு வேகத்தில் ஒருவன் கூடையை நோக்கிப் பாயும்போது எங்கே நிற்பது, யாரைப் பார்ப்பது? புதிய நடுவரின் கண் பந்தின் பின்னாலேயே போகும். பார்க்க வேண்டியதோ தடுப்பவரை. அவர் முன்பே வந்து நின்றாரா, கடைசி நொடியில் நகர்ந்தாரா? இதற்கு ஸ்லைடில் பதில் கிடையாது. நூறு தடவை ஓடிப் பார்த்தால்தான் கண் பழகும்.

இன்னொரு கொடுமை, ஸ்கோர் எழுதுபவரையும் கடிகாரம் பார்ப்பவரையும் இந்த முகாம்களுக்குக் கூப்பிடுவதே இல்லை. 1972 மியூனிக் ஒலிம்பிக் இறுதிப் போட்டியை நினைத்துப் பாருங்கள். அமெரிக்கா 50-49 என முன்னிலை, மிச்சம் 3 விநாடி. டைம்-அவுட் கேட்டார்களா இல்லையா, கடிகாரம் சரியாக வைக்கப்பட்டதா என்று மேசைக்கும் நடுவர்களுக்கும் இடையே குழப்பம். பந்து மூன்று முறை உள்ளே வீசப்பட்டது. மூன்றாவது முறை சோவியத் அணி கூடை போட்டு 51-50 என வென்றது. அமெரிக்க வீரர்கள் வெள்ளிப் பதக்கத்தை வாங்க மறுத்தார்கள். அங்கே விதிப்புத்தகமா இல்லாமல் போயிற்று?

ஆகவே முகாமை ஒரு ஜூனியர் போட்டியோடு சேர்த்து வையுங்கள். காலையில் ஓட்டம், மதியம் நிஜ ஆட்டம், மாலையில் அவரவர் ஊதியதை வீடியோவில் போட்டுக் காட்டுங்கள். மேசைக்காரர்களும் கூடவே உட்காரட்டும். கத்துகிற கோச்சிடம் எப்படிப் பேசுவது என்பதையும் சொல்லிக் கொடுங்கள். பயிற்சியே தராமல் பத்தொன்பது வயதுப் பையனைக் கூட்டத்தின் நடுவில் தள்ளிவிட்டு, அடுத்த வருடம் "நடுவர் கிடைக்கவில்லை" என்று புலம்பினால் எப்படி?

சான்றிதழ் தவறான விசிலை ஒருநாளும் திருத்தியதில்லை.