கண்ணாடிப் பூட்டை விடுங்கோ, கழற்றிப் பூட்டுற பூட்டை வாங்குங்கோ

திறப்பில்லாமல் பூட்டுத் திறக்கப் பழக ஆசைப்படுற ஆக்கள் முதல்ல வாங்குறது பெரும்பாலும் அந்த ஒளி ஊடுருவும் அக்ரிலிக் பூட்டைத்தான். உள்ளுக்கிருக்கிற பின், ஸ்பிரிங் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். விலையும் குறைவு, வீடியோ எடுக்கவும் வடிவா இருக்கும். என்னைக் கேட்டால், அந்தக் காசை மிச்சம் பிடிச்சு, பின்களை மாற்றிப் போடக்கூடிய பித்தளைப் பூட்டு ஒன்று வாங்குங்கோ எண்டுதான் சொல்லுவன்.

ஏன் எண்டு விளங்கிறதுக்குப் பூட்டின்ர வேலையைப் பார்க்கவேணும். எங்கட கதவுகளிலையும் ஆமைப்பூட்டுகளிலையும் கனக்க இருக்கிறது பின் பூட்டு. அமெரிக்கரான லைனஸ் யேல் (மகன்) 1860களில் இதன் இன்றைய வடிவத்துக்குக் காப்புரிமை எடுத்தார். நடுவில சுழலுற ஒரு உருளை. அதில ஐந்தோ ஆறோ குழிகள். ஒவ்வொரு குழியிலையும் இரண்டு பின்: கீழே திறப்புத் தொடுறது ஒன்று, மேலே ஸ்பிரிங் அழுத்துறது மற்றது. மேல் பின் உருளைக்குள்ள இறங்கி நிற்கும் வரைக்கும் உருளை சுழலாது. சரியான திறப்புப் போனால், இரண்டு பின்னும் சந்திக்கிற இடம் எல்லாக் குழியிலையும் உருளையின் விளிம்போட ஒரே கோட்டுக்கு வரும். பூட்டுத் திறபடும்.

எந்தத் தொழிற்சாலையாலும் அந்தக் குழிகளை நூறு வீதம் நேர்கோட்டில துளைக்க ஏலாது. திறப்பில்லாமல் திறக்கக்கூடியதா இருக்கிறதுக்கு அதுதான் காரணம். உருளையை மெல்லமாத் திருப்பிப் பிடிச்சால், எல்லாப் பின்னும் ஒரேயடியா இறுகாது; ஒன்றுதான் முதல்ல இறுகும். அதைக் கண்டுபிடிச்சு உயர்த்தினால் ஒரு சின்ன ‘கிளிக்’. பிறகு அடுத்தது இறுகும். இதையெல்லாம் விரல்தான் அறியவேணும், கண் இல்லை.

கண்ணாடிப் பூட்டின்ர குறையும் இதுதான். முதல் பத்து நிமிடம் அது நல்ல வாத்தியார், மறுக்கேல்லை. ஆனால் மலிவானவற்றில குழிகள் தொளதொளவெண்டு இருக்கும். கம்பியை உள்ளுக்கு விட்டுச் சும்மா ஆட்டினாலே திறந்திடும். “எனக்கு வந்திட்டுது” எண்ட நினைப்பு மட்டும் வரும், கை ஒன்றும் படிச்சிராது.

பின் மாற்றுற பூட்டில படிப்புப் படிப்படியா வரும். எல்லாப் பின்னையும் எடுத்துப்போட்டு ஒரே ஒரு சோடியோட தொடங்கலாம். அது பழகினாப் பிறகு இரண்டு, மூன்று எண்டு கூட்டலாம். ஐந்தும் பிடிபட்டால், நூல் உருளை மாதிரி இடை ஒடுங்கின பின் ஒன்றைப் போட்டுப் பாருங்கோ. உருளை கொஞ்சம் திரும்பி, திறந்திட்டுது எண்டு ஏமாற்றிப்போட்டு நின்றிடும். அந்த ஏமாற்றை நீங்களே அமைச்சு நீங்களே அவிழ்க்கிறது, பத்து வீடியோ பார்க்கிறதை விடப் பெரிய பாடம்.

வாங்கும்போது பார்க்கவேண்டியது இவ்வளவுதான்: உடம்பு பித்தளையா? ஒவ்வொரு குழிக்கும் மேலே தனித்தனி ஸ்குரூ இருக்கா? மேலதிகப் பின்னும் ஸ்பிரிங்கும் கூட வருதா? திறப்பு போற வழி அகலமா, வளைவு குறைவா இருக்கா? இதுகளுக்குப் பிறகுதான் பிராண்ட்.

பயிற்சிப் பூட்டெண்டு தேடி அலையத்தான் வேணும் எண்டும் இல்லை. அலுமினியக் கதவுகளுக்குப் போடுற சாதாரண சிலிண்டர் ஒன்றும் போதும். கிளிப்பைக் கழற்றி, உருளையின்ர அதே பருமனில ஒரு தடியால தள்ளிக்கொண்டே உருளையை வெளியில எடுக்கவேணும். தடி இல்லாமல் இழுத்தால் ஸ்பிரிங் எல்லாம் பறந்திடும். ஒரு சாமணமும், கீழே விரிக்க ஒரு வெள்ளைத் துணியும் இருந்தால் நல்லம்.

“இது கள்ளருக்குப் பாடம் எடுக்கிற வேலையல்லோ?” எண்டு வீட்டில கேட்பினம். நியாயமான கேள்விதான். லண்டனில பிரமா கம்பனி, தங்கட பூட்டைத் திறக்கிறவருக்கு 200 கினி பரிசெண்டு சவால் விட்டு, கடை யன்னலில பல பத்தாண்டுகளா வைச்சிருந்தது. 1851இல் ஹொப்ஸ் எண்ட அமெரிக்கர் அதை 50 மணித்தியாலத்துக்கு மேல மினக்கெட்டுத் திறந்தார். அப்பவும் இதே கேள்விதான் எழுந்தது. கள்ளருக்கு இது முதலே தெரியும், தெரியாமல் இருக்கிறது பூட்டு வாங்குற சனத்துக்குத்தான் எண்டதுதான் அவர் தரப்பு வாதம். எனக்கும் அதே எண்ணம்தான். ஒரு பூட்டைக் கழற்றிப் பூட்டின ஆளுக்குக் கடைக்காரர் “இதை ஒருத்தராலும் திறக்க ஏலாது” எண்டு சொல்லேக்க சிரிப்புத்தான் வரும்.

ஆனால் இந்தப் பொழுதுபோக்கில இரண்டு கட்டுப்பாடு உலகம் முழுக்க உண்டு: உங்கட இல்லாத பூட்டைத் தொடக்கூடாது, பாவனையில இருக்கிற பூட்டையும் தொடக்கூடாது, அது உங்கட எண்டாலும். கம்பி உள்ளுக்கு முறிஞ்சால் வீடு முழுக்க வெளியிலதான் நிற்கும். கருவிகளைப் பையில கொண்டு திரியவும் வேண்டாம். தகுந்த காரணம் இல்லாமல் அவற்றோட பிடிபடுறது பல நாடுகளில குற்றம்.

மேசையில ஒரு பூட்டு, அதில ஒரு சோடி பின். தொடங்க அவ்வளவும் காணும்.