இருபத்தஞ்சாயிரம் ரூபாய்க்கு லேப்டாப்: புதுசா, பழசா?

2011 செப்டம்பர் 15-ஆம் தேதி தமிழக அரசு விலையில்லா லேப்டாப் திட்டத்தைத் தொடங்கியது. அதிலிருந்து கொரோனா காலம் வரைக்கும் 50 லட்சத்துக்கும் மேலான லேப்டாப்கள் மாணவர்கள் கைக்குப் போயின. எங்க கொமரலிங்கம் மாதிரி ஊர்களில் பல வீடுகளுக்கு வந்த முதல் கம்ப்யூட்டரே அதுதான். அக்காவுக்கு ப்ளஸ் டூவில் கிடைத்தது. அக்கா கல்யாணமாகிப் போனதும் தம்பிக்கு வந்தது. தம்பி அதைத் தூக்கிக்கொண்டு இன்ஜினியரிங் சேர்ந்தான். நம்ம வகுப்பிலேயே எத்தனை பேர் அப்படி வந்தோம்னு எண்ணிப் பாருங்க.

அந்த மெஷின்கள் பாவம், உழைச்சு ஓய்ஞ்சு போச்சு. 2 ஜிபி, 4 ஜிபி ரேமும் சுத்துற ஹார்டு டிஸ்க்கும் வெச்சு ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவைத் திறந்தா, அது திறக்குறதுக்குள்ள கேன்டீன் போய் டீ குடிச்சிட்டு வந்திடலாம். போதாததுக்கு 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவையும் மைக்ரோசாஃப்ட் நிறுத்திடுச்சு. 2026 ஜனவரி 5-ஆம் தேதி 'உலகம் உங்கள் கையில்' என்ற பெயரில் கல்லூரி மாணவர்களுக்கு மறுபடியும் லேப்டாப் கொடுக்க ஆரம்பிச்சாங்க. அதில் கிடைச்சவங்க இந்தக் கட்டுரையைத் தாண்டிப் போகலாம். லிஸ்ட்ல பேர் வராம, வீட்ல கேட்டு இருபது, இருபத்தஞ்சாயிரம் தேத்துறவங்களுக்குத்தான் இது.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். அந்தப் பணத்துக்கு ஷோரூமில் புது லேப்டாப் வாங்காதீங்க. கம்பெனிகளில் மூணு நாலு வருஷம் ஓடிவிட்டு வெளியே வருகிற பிசினஸ் லேப்டாப்பை வாங்குங்க. 'செகண்ட் ஹேண்டா?'னு வீட்ல மூஞ்சி சுளிப்பாங்க. அவங்களுக்கு ஒரே ஒரு வார்த்தை சொன்னா போதும்: காதர்பேட்டை.

திருப்பூர் மாவட்டத்துக்காரங்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. ஏற்றுமதிக்குத் தைச்சு மிஞ்சின பனியனும், சின்னக் குறையால கழிச்சுப் போட்ட செகண்ட்ஸும் காதர்பேட்டையில குவிஞ்சு கிடக்கும். நம்ம அம்மாக்கள் அங்கே லேபிளைப் பார்க்கிறதில்லை. துணியை விரலுக்கு நடுவுல வெச்சுத் தேய்ப்பாங்க, தையலைத் திருப்பிப் பார்ப்பாங்க, கழுத்துப் பட்டியை இழுத்து விட்டுப் பார்ப்பாங்க. 140 ஜிஎஸ்எம் துணியில பெரிய பிராண்ட் பேர் போட்டாலும் அது நாலு சலவைக்குத்தான் தாங்கும்னு பனியன் கம்பெனியில வேலை செய்யுறவங்களுக்குத் தெரியும். லேப்டாப் கடைக்குள்ள போனதும் மட்டும் இந்த அறிவெல்லாம் எங்க போகுதோ தெரியல. ஸ்டிக்கரைப் பார்த்து மயங்கி நிக்கிறோம்.

ஸ்டிக்கர் எப்படி ஏமாத்தும்னு ஒரு உதாரணம். 'ரைசன் 5 7520யு' என்று ஒரு சிப். 'ரைசன் 5, ஏழாயிரம் சீரிஸ்' என்று கேட்டவுடனே புத்தம்புதுசு மாதிரி தோணும். ஏஎம்டி அந்த வரிசைக்கு வைத்த பெயர் முறையில் மூணாவது எண்தான் உள்ளே இருக்கிற வடிவமைப்பைச் சொல்லும். இங்கே அது 2, அதாவது 2019-ல் வந்த ஜென் 2. கோர் நாலுதான். இதே வரிசையில் 7530யு என்றால் மூணாவது எண் 3, ஜென் 3, ஆறு கோர். நடுவுல ஒரே ஒரு எண் வித்தியாசம். கடைக்காரர் ரெண்டையும் 'ரைசன் ஃபைவ் தம்பி'ன்னு ஒரே மூச்சில் சொல்லிடுவார். 7520யு-வோட இன்னொரு சங்கடம், அதுக்கான ரேம் போர்டிலேயே சால்டர் பண்ணித்தான் வரும். 8 ஜிபி வாங்கினா கடைசி வரைக்கும் 8 ஜிபிதான்.

இதுக்கும் கீழே செலரான் என்4020 மாதிரி ரெண்டு கோர் சிப்போட வர்ற மெஷின்கள் இருக்கு. பிரவுசரில் பாடம் பார்க்க ஓகே. ஒரு சி ப்ரோகிராம் எழுத ஓகே. மேட்லேப்பையும் யூடியூபையும் ஒண்ணாத் திறந்தா விக்கும். புதுசு என்ற ஒரே காரணத்துக்காக இதை வாங்குறது, பேக்கிங் அட்டைப்பெட்டிக்குப் பணம் கொடுக்கிற மாதிரி.

இப்போ அந்தப் பக்கம் பாருங்க. லெனோவோ திங்க்பேட் டி480, டெல் லாட்டிட்யூட் 7490, ஹெச்பி எலைட்புக் 840 ஜி5. மூணும் 2018 வாக்கில் வந்தவை. புதுசில் நம்ம கனவுல கூட வாங்க முடியாத விலை. பெங்களூரு, சென்னை ஐடி கம்பெனிகள் இதையெல்லாம் லீசுக்கு எடுத்து, கெடு முடிஞ்சதும் மொத்தமா கழிச்சு விட்டதுதான் இன்னைக்கு கோயம்புத்தூர் காந்திபுரம் வரைக்கும் வந்து சேருது. இந்த மூணிலும் ரேமுக்கு ரெண்டு ஸ்லாட் இருக்கு. எஸ்எஸ்டியைக் கழட்டலாம், பேட்டரியைக் கழட்டலாம், கீபோர்டு போனா தனியா மாத்தலாம். எந்த ஸ்க்ரூவை எந்த வரிசையில் கழட்டணும்னு கம்பெனியே கையேடு எழுதி நெட்டில் போட்டிருக்கு. ஆபீஸில் நூறு பேருக்குக் கொடுக்கிற மெஷின், சீக்கிரம் ரிப்பேர் ஆகணும் என்பதற்காகவே அப்படிச் செய்யப்பட்டது.

எனக்கு இதுதான் முக்கியமான காரணம். நாம இருக்கிற ஊர் அப்படி. கொமரலிங்கத்தில் லேப்டாப் படுத்தா உடுமலைக்கு பஸ் ஏறணும். அங்கே ஸ்க்ரூடிரைவரும் திறமையும் இருக்கிற அண்ணன்கள் இருக்காங்க. ரேம் ஸ்லாட் இருந்தா பத்து நிமிஷத்தில் மாத்திக் கொடுத்து அனுப்பிடுவாங்க. எல்லாத்தையும் போர்டோட சால்டர் பண்ணின மெலிசான புது மாடலை நீட்டினா, 'கோயம்புத்தூர்தான் போகணும் தம்பி'ம்பாங்க. எங்க தெருவுல ஒரு தங்கச்சிக்குப் புதுசா வாங்கின மெஷின் நாலாவது மாசமே கறுப்புத் திரை காட்டிடுச்சு. வீட்டுக்கே வந்து சரி பண்ணுவோம் என்ற வாரன்டிதான். கம்பெனி எதுன்னு இங்கே வேண்டாம். ஆள் வரவே மூணு வாரம் ஆச்சு, போர்டு வர இன்னும் ரெண்டு வாரம். அதுக்குள்ள ரெண்டு இன்டர்னல்ஸ் முடிஞ்சு போச்சு. அவ அம்மா மில்லுக்கு வேலைக்குப் போறவங்க. தீபாவளி போனஸை அப்படியே எடுத்துக் கொடுத்து வாங்கின மெஷின் அது. சட்டப்படி போனஸ் குறைந்தபட்சம் 8.33 சதவீதம், அதாவது சுமார் ஒரு மாசச் சம்பளம். ஒரு வருஷம் எதிர்பார்த்திருந்து வாங்குற காசு.

'பழசு வாங்கினா ஏமாத்திடுவாங்களே' என்பது நியாயமான பயம். ஏமாத்துவாங்க. பெரும்பாலும் ஏமாத்துற இடம் 'ஐ7' என்ற ஸ்டிக்கர்தான். ஏழாம் தலைமுறை ஐ7-7600யு-வில் ரெண்டே கோர். எட்டாம் தலைமுறை ஐ5-8250யு, 8350யு-வில் நாலு கோர். பேரில் பெரிய ஐ7, வேலையில் சின்ன ஐ5-கிட்ட தோத்துப் போகும். விண்டோஸ் 11-ஐ மைக்ரோசாஃப்ட் முறைப்படி ஏற்கிறதும் இன்டெலில் பொதுவா எட்டாம் தலைமுறையிலிருந்துதான். அதனால கோடு முன்னாடி வர்ற எழுத்தை விட்டுட்டு, பின்னாடி வர்ற முதல் எண்ணைப் பாருங்க. 8-க்குக் கீழே இருந்தா 'நன்றிங்ணா'ன்னு சொல்லிட்டு வெளியே வந்திடுங்க. டி480-லேயே ஏழாம் தலைமுறை சிப் போட்டதும் உண்டு, அதையும் கவனிக்கணும். டி480-க்குப் பின்னாடி ஒரு 'எஸ்' ஒட்டியிருந்தா அது மெலிசான வேற மாடல்; ரேமில் ஒரு பகுதி போர்டிலேயே இருக்கும், ஸ்லாட் ஒண்ணுதான்.

கடையில நின்னு அரை மணி நேரம் செலவு பண்ண வெட்கப்படாதீங்க. கமாண்ட் ப்ராம்ப்டில் பவர்சிஎஃப்ஜி பேட்டரி ரிப்போர்ட் எடுத்தா, பேட்டரி முதலில் எவ்வளவு தாங்கியது, இப்போ எவ்வளவு தாங்குதுன்னு ரெண்டு எண் வரும். பாதிக்கும் கீழே போயிருந்தா புது பேட்டரிக்கான காசை விலையில் குறைக்கச் சொல்லுங்க. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போட்டு எஸ்எஸ்டி எத்தனை மணி நேரம் ஓடியிருக்குன்னு பார்க்கலாம். நோட்பேடைத் திறந்து எல்லா கீயையும் அடிச்சுப் பாருங்க. மூடியை ஒரு ஓரத்தில் பிடிச்சு மெதுவாத் திறந்து கீல் நெளியுதான்னு பாருங்க. ஆன் பண்ணும்போதே பயாஸுக்குள்ள போங்க. பாஸ்வேர்டு கேட்டா அந்த மெஷின் வேண்டாம். இன்னொண்ணு ரொம்பப் பேருக்குத் தெரியாது. விண்டோஸைப் புதுசாப் போட்டு நெட் இணைச்சதும், ஏதோ ஒரு கம்பெனி பேரைக் காட்டி அவங்க மெயில் ஐடி கேட்டா, பழைய கம்பெனி அந்த மெஷினைத் தன் கணக்கிலிருந்து இன்னும் விடுவிக்கலைன்னு அர்த்தம். எவ்வளவு மலிவா வந்தாலும் தொடாதீங்க. அப்புறம் பில். சீரியல் நம்பரோட ஜிஎஸ்டி பில்லும், மூணு மாசமாவது கடை வாரன்டியும் எழுதித் தராத இடத்தில் வாங்க வேண்டாம்.

'பேசாம இஎம்ஐ போட்டு அறுபதாயிரத்துக்கு நல்லதா வாங்கிடலாமே'ன்னு ஹாஸ்டலில் ஒரு குரல் எப்பவும் கேட்கும். கிரெடிட் கார்டு 'நோ காஸ்ட் இஎம்ஐ'யில் வட்டி இல்லாமல் இல்லை. வட்டியைத் தள்ளுபடி மாதிரிக் காட்டி முன்னாடியே கழிச்சிடறாங்க, அந்த வட்டி மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி வரும், பெரும்பாலும் ப்ராசசிங் ஃபீஸும் வரும். கார்டு வேற அப்பா பேரில் இருக்காது. மாமா பேரிலோ, அப்பாவோட முதலாளி பேரிலோ இருக்கும். ஒரு மாசம் தவணை தவறினா அங்கே தலைகுனியறது நாம இல்லை, அப்பா.

அறுபதாயிரம் மெஷின் நமக்குத் தேவையா என்பதே கேள்விதான். சிஎஸ்இ, ஐடி, இசிஇ ஆட்களுக்கு எட்டாம் தலைமுறை ஐ5-உம் 16 ஜிபி ரேமும் தாராளம். மெஷின் லேர்னிங்குக்கு ஜிபியு வேணும்னா கூகுள் கோலாப் இலவசமாவே தருது. சொந்தமா வாங்குற சின்ன கிராபிக்ஸ் கார்டைவிட அது மேல். மேட்லேப் ஆன்லைன் மாசம் 20 மணி நேரம் இலவசம். மெக்கானிக்கல், சிவில் நண்பர்கள் நிலைமை வேற. சாலிட்வொர்க்ஸ் 16 ஜிபி ரேம் கேட்கும், பெரிய அசெம்ப்ளி போட்டா கிராபிக்ஸ் கார்டும் கேட்கும். அன்சிஸ் வேலையை காலேஜ் லேபில் முடிக்கிறதுதான் புத்திசாலித்தனம். பிரவுசரிலேயே ஓடுற ஆன்ஷேப்பை டிராயிங் பழகப் பயன்படுத்தலாம். தினமும் ரெண்டரிங்தான் வேலைன்னு இருக்கிறவங்களுக்கு நான் சொல்ற பழைய பிசினஸ் லேப்டாப் சரிப்படாது. அவங்க காத்திருந்து, காசு சேர்த்து, வேற மாதிரி வாங்கணும்.

கண் பிரச்சினை இருக்கிறவங்களும் கவனிங்க. பழைய லாட்டிட்யூட், எலைட்புக்கில் சிலது மங்கலான திரையோட வரும். பக்கவாட்டிலிருந்து பார்த்தா நிறம் மாறுச்சுன்னா அது மட்டமான பேனல். ஐபிஎஸ் திரை இருக்கிறதுக்கு ஆயிரம் ரெண்டாயிரம் கூடக் கொடுக்கலாம்.

விலை பற்றி ஒரு எச்சரிக்கை. 2025 கடைசியிலிருந்து ரேம் விலை தாறுமாறா ஏறிடுச்சு. ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி தயாரிக்கிறதில்தான் கம்பெனிகளுக்கு லாபம். க்ரூஷியல் என்ற பேரில் நம்ம மாதிரி ஆட்களுக்கு ரேம் வித்துக்கிட்டிருந்த மைக்ரான், அந்த வியாபாரத்தையே விடப்போறதா 2025 டிசம்பரில் அறிவிச்சது. அதனால '8 ஜிபியோட வாங்கி அப்புறமா ஏத்திக்கலாம்' என்ற பழைய கணக்கு இப்போ உதைக்கும். வாங்கும்போதே 16 ஜிபி போட்ட மெஷினாத் தேடுங்க. கடைக்காரர் தனியா ரேம் சேர்க்கக் கேட்கிற காசையும், ஏற்கனவே 16 ஜிபி இருக்கிற மெஷினோட விலையையும் ஒப்பிட்டுப் பாருங்க. பல நேரம் ரெண்டாவதுதான் மலிவா இருக்கும்.

இதையெல்லாம் செய்யுறதுக்கு முன்னாடி கையில இருக்கிற பழசை ஒரு தடவை திறந்து பாருங்க. 4 ஜிபி ரேம் இருந்து, ஹார்டு டிஸ்க்கை மட்டும் எடுத்துட்டு ஒரு சாட்டா எஸ்எஸ்டி போட்டு, லினக்ஸ் மின்ட்டோட எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை ஏத்தினா, அக்காவோட அந்த மெஷினே முதல் வருஷத்து சி, பைத்தான் லேபுக்கு ஓடும். அரசு லேப்டாப்பில் விண்டோஸ் பக்கத்துல பாஸ் லினக்ஸ் என்று ஒண்ணு இருந்ததே, யாரும் தொடாம விட்டோமே, அதே குடும்பம்தான். ரெண்டாம் வருஷம் வரைக்கும் அதில் ஓட்டிட்டா, இருபத்தஞ்சாயிரம் வாங்குறதுக்குப் பதிலா ஒரு வருஷம் கழிச்சு அதே காசுக்கு பத்தாம், பதினோராம் தலைமுறை மெஷின்கள் கழிச்சு விடப்பட்டு வரும். அப்போ ரேம் ஸ்லாட் இருக்கான்னு மறக்காமப் பார்த்து வாங்கணும். புது மாடல்களில் அது ஒவ்வொண்ணா குறைஞ்சுக்கிட்டே வருது.