தட்டில் மட்டும் ஹலால்

இஷா தொழுகை முடிந்து பள்ளிவாசல் வாசலில் நின்று பேசும் நேரத்திலும் இப்போது நம்மிடையே பாங்காக் பேச்சு அடிபடுகிறது. மல்லசமுத்திரம் சிறிய பேரூர். பருத்தி ஏலம், விசைத்தறி, ரிக் லாரி ஆகியவையே இவ்வட்டாரத்தின் பிழைப்பு. ஆழ்துளைக் கிணறு தோண்ட வட மாநிலங்கள் வரை சென்று உழைத்த ஊரில் இன்று "மூன்று இரவு, நான்கு பகல்" என்னும் கணக்கு பழகிவிட்டது. 2023 நவம்பரில் தாய்லாந்து அரசு இந்தியருக்கு விசா விலக்கு அளித்தபின் வழி மேலும் எளிதாயிற்று. மோட்டாரும் பைப்பும் பெயிண்டும் விற்கும் கடைக்காரர் விற்பனை இலக்கை எட்டினால், கம்பெனியே டிக்கெட்டும் எடுத்துத் தருகிறது.

பயணத்தை நாம் பழிக்கவில்லை. பூமியில் சுற்றிவந்து படைப்பைக் குறித்துச் சிந்திக்குமாறு அன்கபூத் அத்தியாயத்தின் 20ஆம் வசனம் ஏவுகிறது. நல்ல உணவும், சாவோ பிரயா ஆற்றில் படகுச் சவாரியும், மனைவி மக்களுக்குத் துணிமணி வாங்குவதும் ஆகுமானவையே. ஆண்கள் மட்டும் கூட்டமாகப் புறப்பட்டு, பட்டாயாவின் இரவு வீதிகளை நாடிச் செல்லும் பயணத்தையே நாம் எதிர்க்கிறோம்.

அங்கு நாம் காட்டும் பேணுதலைப் பாருங்கள். கோழி யாரால், எப்படி அறுக்கப்பட்டது என்று துருவித் துருவி விசாரிக்கிறோம். தாய்லாந்து மத்திய இஸ்லாமியக் கவுன்சிலின் ஹலால் முத்திரை இல்லாவிட்டால் பசியோடு எழுந்து வரவும் தயங்குவதில்லை. அதே இரவில் மதுக்கூடத்து மேசையில் அமர்ந்து, "நாங்கள் குடிக்கவில்லை, பார்க்கத்தான் வந்தோம்" என்கிறோம். வயிற்றுக்கு இட்ட வேலி கண்ணுக்கு இல்லையா? பார்வையைத் தாழ்த்தும் கட்டளை நூர் அத்தியாயத்தின் 30ஆம் வசனத்தில் முதலில் ஆண்களை நோக்கியே வருகிறது. விமானம் ஏறியவருக்கு அதில் விலக்கு ஏதும் சொல்லப்படவில்லை.

"அந்த ஊரே அப்படித்தான்" என்பது நம் முதல் சாக்கு. ஊரின்மீது பழி போடுவது நியாயமன்று. விபச்சாரம் தாய்லாந்திலும் 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமே. அதே பாங்காக்கில் காயல்பட்டினத்துச் சகோதரர்கள் பல்லாண்டுகளாக இரத்தினக்கல் வணிகம் செய்து, ஐவேளைத் தொழுகையோடு வாழ்கிறார்கள். அவர்கள் வாழும் ஊரும் நாம் சென்று வரும் ஊரும் ஒன்றே. நம் முன்னோரும் இத்தகைய துறைமுக நகரங்களுக்குக் கடல் கடந்து சென்றவர்களே. 1801இல் பினாங்கில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், 1826இல் சிங்கப்பூரில் ஜாமிஆ சூலியா பள்ளிவாசலும் அவர்களால் எழுந்தன. அவர்கள் பள்ளிவாசலைக் கட்டிவிட்டு வந்தார்கள். நாமோ பள்ளிவாசல் எந்தத் தெருவில் இருக்கிறது என்றுகூடக் கேளாமல் திரும்புகிறோம்.

"கம்பெனி செலவுதானே, நம் காசா?" என்பது இரண்டாம் சாக்கு. இலக்கை எட்டுவதற்காக விற்காத சரக்கை வாங்கிக் குவித்தது யார் பணம்? அதற்காக வட்டிக்குக் கடன் வாங்கியிருந்தால், இலவசம் என்று நாம் மகிழும் டிக்கெட்டின் விலையில் வட்டியும் அடங்கியிருக்கிறது. அந்தச் சரக்கு கிடங்கில் கிடக்க, தவணை நாளில் வீட்டு நகை அடகுக்குப் போகிறது.

"முசாஃபிருக்குச் சலுகை உண்டு" என்பது மூன்றாம் சாக்கு. உண்மைதான். ஆனால் பாவத்தையே நோக்கமாகக் கொண்ட பயணத்தில் கஸ்ர் செய்ய ஷாஃபிஈ மத்ஹப் அனுமதிப்பதில்லை. ஹனஃபி மத்ஹபில் அச்சலுகை உண்டு. எனினும் அது தொழுகையின் ரக்அத்தைத்தான் குறைக்கிறது, பாவத்தின் சுமையையன்று.

சகோதரர்களே, ஓர் எளிய உரைகல் நம்மிடம் இருக்கிறது. உள்ளத்தை உறுத்துவதையும் பிறர் அறிவதை நாம் வெறுப்பதையும் பாவத்தின் அடையாளமாக நபி (ஸல்) அவர்கள் காட்டித் தந்தார்கள். கைப்பேசியில் உள்ள படங்களை வீட்டில் காட்ட முடியுமா? அடுத்த முறை மனைவியையும் மகளையும் அதே இடங்களுக்கு அழைத்துச் செல்ல முடியுமா? முடியும் என்றால் தாராளமாகச் செல்லுங்கள். முடியாது என்றால், தீர்ப்பை நம் உள்ளமே சொல்லிவிட்டது.

எனவே வணிகச் சகோதரர்களை வேண்டுகிறோம். டிக்கெட்டுக்குப் பதிலாக விலைத் தள்ளுபடியைக் கேளுங்கள். மறுத்தால், குடும்பத்தோடு செல்லக் கேளுங்கள். அதற்கும் வழியில்லையென்றால் அந்த இருக்கை காலியாகவே பறக்கட்டும். ஜமாஅத் பெரியவர்களும் இதை இளைஞர் விளையாட்டு என்று சிரித்துக் கடக்க வேண்டாம். தந்தை நான்கு நாட்கள் எங்கே சென்றார் என்பதை மகன் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறான்.

வல்ல ரஹ்மான் நம் பயணங்களை நன்மையானவையாக ஆக்கி, தனிமையிலும் அவனை அஞ்சும் உள்ளத்தைத் தந்தருள்வானாக. ஆமீன்.