கொல்லிமலை பாத்ரூமுக்கு ரேடியேட்டர் எதற்கு?

காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, தலைசுற்றலோடு கொல்லிமலை போய்ச் சேருகிறவர்கள் மறுநாள் விடிகாலையில் பாத்ரூம் கதவைத் திறந்ததும் சொல்வது ஒன்றுதான்: "யப்பா, என்னா குளிரு!" மார்கழி, தையில் அது நியாயம்தான். 1000 மீட்டருக்கு மேலே இருக்கிற மலை அது.

ஆனால் அந்தக் குளிருக்கு மருந்தாகச் சிலர் கேட்பதுதான் வேடிக்கை. வெளிநாட்டுப் படங்களில் வருகிற ரேடியேட்டரும், துண்டு காயப்போடும் சூடான கம்பியும் நம்ம ஆறுக்கு ஐந்தடி பாத்ரூமிலும் வேண்டுமாம்!

ரேடியேட்டர் தனியாக வந்து மாட்டிக்கொள்ளும் சாமான் அல்ல. ஐரோப்பிய வீட்டில் ஒரு பாய்லர் தண்ணீரைச் சூடாக்கிக் குழாய் வழியே ஒவ்வொரு அறைக்கும் அனுப்புகிறது. ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி, சுவருக்கு வெப்பம் வெளியேறாத பூச்சு. அந்த ஏற்பாட்டின் கடைசிக் கண்ணிதான் ரேடியேட்டர். இங்கே இருப்பது செங்கல் சுவர், சிமெண்ட் கூரை, மேலே எப்போதும் திறந்திருக்கும் கண்ணாடிப் பட்டை வென்டிலேட்டர்.

"சின்ன அறைதானே, சீக்கிரம் சூடாகிவிடும்" என்பார்கள். கணக்கும் முதலில் அவர்கள் பக்கம்தான் பேசும். எட்டடி உயரம் வைத்தால் உள்ளே இருக்கும் காற்று சுமார் 8 கிலோ. அதை 10 டிகிரி சூடாக்க ஒரு யூனிட் மின்சாரத்தில் நாற்பதில் ஒரு பங்கு போதும். ஆனால் அந்தக் காற்று உள்ளே நிற்குமா? வென்டிலேட்டர் வழியே போய்க்கொண்டே இருக்கும், மிச்சத்தை ஈரச் சுவர் குடிக்கும். வெளியே போகும் காற்றைத்தான் காசு கொடுத்துச் சூடாக்க வேண்டும்.

துண்டுக் கம்பி இன்னும் மோசம். 100 வாட் கம்பி நாள் முழுக்க ஓடினால் இரண்டு மாதத்தில் 144 யூனிட். 2016-இல் தமிழக அரசு வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாக அறிவித்தது 100 யூனிட். ஒரு துண்டு காய அத்தனையும் போதாது!

சரி, வென்டிலேட்டரை அட்டை வைத்து அடைத்துவிட்டால்? இங்கேதான் வேடிக்கை முடிந்து ஆபத்து தொடங்குகிறது. அடைத்த பாத்ரூமுக்குள் கேஸ் கீசர் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். நிறமில்லை, மணமில்லை. குளிக்கப் போனவர் மயங்கி விழுவார், கதவோ உள்ளே தாழிட்டிருக்கும். இந்தியாவில் இப்படிப் போன உயிர்கள் கொஞ்சமல்ல. மலை ஊர்களில் அறைக்குள் கரியடுப்பு மூட்டிப் படுத்து, விடியலைப் பார்க்காமல் போனவர்களும் உண்டு.

குளிக்கிறவருக்குச் சூடு வேண்டியது உடம்பில், சுவரில் அல்ல. 20 லிட்டர் வாளித் தண்ணீரை 15 டிகிரியிலிருந்து 40-க்குக் கொண்டுவர அரை யூனிட்டுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். அந்தக் காலத்துச் செம்புப் பாய்லரும் வெந்நீர் அண்டாவும் செய்தது இதே வேலைதான்.

"வயதானவர்கள் என்ன செய்வார்கள்?" நல்ல கேள்வி. வெயில் ஏறியபின் குளிக்கட்டும். உடை மாற்றும் அறையில், தண்ணீர் படாத தூரத்தில், ஒரு ஹீட்டர் பத்து நிமிடம் ஓடட்டும். துண்டு அடுப்படிக் கொடியில் காயட்டும்.

ரேடியேட்டருக்கு ஒதுக்கிய பணத்தில் ஒழுங்கான எர்த், ஓர் இஎல்சிபி, நல்ல மின்சார கீசர் போடுங்கள். கேஸ் கீசர்தான் என்றால் அது பாத்ரூமுக்கு வெளியே இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், வென்டிலேட்டரில் செருகிய அட்டையை எடுங்கள்.