மோட்டார் சைக்கிள் படமா, கேத்தியின் படமா?

'தி பைக்ரைடர்ஸ்' என்னும் அமெரிக்கப் படத்தைப் பற்றி நம் விடுதியில் மூண்ட விவாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. அது ரவுடிகளுக்குப் பாடிய புகழ்ப்பா என்பது ஒரு சாராரின் கட்சி. மற்றொரு சாராருக்கோ ஆஸ்டின் பட்லரின் தலைமுடியைத் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை! படத்தின் நடுவே உட்கார்ந்து ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணை இரு சாராருமே கவனிக்கத் தவறிவிட்டனர் என்பது அடியேனின் கட்சி.

படத்தின் பிறப்பைச் சிறிது அறிந்துகொள்வது நல்லது. டானி லயன் என்ற புகைப்படக் கலைஞர் 1968-ல் இதே பெயரில் ஒரு நூல் வெளியிட்டார். சிகாகோவின் 'அவுட்லாஸ்' என்ற மோட்டார் சைக்கிள் கழகத்தில் தாமே உறுப்பினராகச் சேர்ந்து, அவர்களோடு ஊர் சுற்றிப் படம் எடுத்தவர் அவர். அவர்களுடைய பேச்சையும் ஒலிநாடாவில் பதிந்தவர். அந்நூலில் கதை என்று ஒன்று கிடையாது. படங்களும் பேச்சுகளுமே உண்டு. இயக்குநர் ஜெஃப் நிக்கல்ஸ் அவற்றைக் கொண்டு 'வாண்டல்ஸ்' என்ற கற்பனைக் கழகம் ஒன்றைப் படைத்தார். 2023-ல் திரைப்பட விழாவில் காட்டப்பெற்ற படம், ஹாலிவுட் நடிகர்களின் வேலைநிறுத்தத்தால் தள்ளிப்போய், 2024 ஜூனில்தான் அமெரிக்க அரங்குகளுக்கு வந்தது.

கதையைச் சொல்பவள் கேத்தி. தோழியைப் பார்க்க மதுக்கடைக்கு வந்தவள், அங்கே பில்லியர்ட்ஸ் மேசையருகே நிற்கும் பென்னியைக் காண்கிறாள். அவன் அன்றிரவு அவள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திக்கொண்டு அசையாமல் உட்கார்ந்துவிடுகிறான். அவளோடிருந்த காதலன் மூட்டை கட்டிக்கொண்டு போகிறான். ஐந்தே வாரத்தில் திருமணம்! இதைக் காவியக் காதலாக்கிக் கண்ணீர் பிழிந்திருக்கலாம். ஜோடி கோமர் அப்படிச் செய்யவில்லை. குழாயடியில் பக்கத்து வீட்டுக்காரியிடம் தன் முட்டாள்தனத்தை ஒப்புக்கொள்பவளைப் போல, பாதிச் சிரிப்பும் பாதிச் சலிப்புமாகச் சொல்லிக்கொண்டு போகிறார். கோமர் பிறந்தது இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில். லயன் பதிந்து வைத்த உண்மைக் கேத்தியின் குரலைக் கேட்டுக் கேட்டு அந்த நடுமேற்கு அமெரிக்கப் பேச்சை வசப்படுத்தினார். அது மிகையாக இருக்கிறது என்று குறைப்படுவோர் உளர். நான் உடன்படேன். சொற்களை இழுத்து, மூக்கில் ஏற்றிப் பேசும் அக்குரல்தான் வண்டிகளின் பளபளப்பின்மேல் கொஞ்சம் தண்ணீரைத் தெளிக்கிறது. ஆண்கள் பெருமிதத்தோடு செய்யும் ஒவ்வொரு வீரச்செயலும் அவள் வாய் வழியே வரும்போது பாதி அசட்டுத்தனமாகிவிடுகிறது. ரவுடிகளின் புகழ்ப்பா என்போருக்கு இதைவிட வேறு விடை வேண்டுமா?

டாம் ஹார்டியைப் பற்றிப் பேசுவார் இல்லாததே எனக்குப் பெருங்குறை. கழகத் தலைவன் ஜானி மனைவி மக்களோடு வாழ்பவன்; லாரி ஓட்டுபவன். மார்லன் பிராண்டோ நடித்த 'தி வைல்ட் ஒன்' என்ற 1953-ஆம் ஆண்டுப் படத்தைத் தொலைக்காட்சியில் பார்க்கிறான். அங்கேதான் அவனுக்குக் கழகம் அமைக்கும் எண்ணமே பிறக்கிறது. ஒரு நடிகனின் நடிப்பைப் பார்த்துத் தன் வாழ்வை அமைத்துக்கொண்ட மனிதன் அவன்! அவனை நடித்துக் காட்டுவது எவ்வளவு கடினம்! முரட்டுத்தனம் முழுவதும் உண்மையாக இருக்கக் கூடாது; முழுவதும் போலியாகவும் இருக்கக் கூடாது. ஹார்டி ஒரு மெல்லிய, கீச்சென்ற குரலைக் கைக்கொண்டு, தான் பூண்ட வேடம் தன்னையே விழுங்குவதை உணர்ந்து அஞ்சும் கண்களோடு நிற்கிறார்.

படம் பாராதவர்கள் அடுத்த இரு பத்திகளைத் தாண்டிச் செல்லலாம்.

கழகத்தில் சேர வேண்டுமென்று ஓர் இளைஞன் தன் நண்பர்களோடு வருகிறான். உன் நண்பர்களை விட்டுவிட்டு நீ மட்டும் வருவாயா என்று ஜானி கேட்கிறான். இளைஞன் தயங்கவே இல்லை, வருகிறேன் என்கிறான். அந்த ஒரு விடையாலேயே ஜானி அவனை விலக்கிவிடுகிறான். தோழமைக்கென்று தொடங்கிய கழகத்தில் தோழனைக் கைவிடுபவனுக்கு என்ன வேலை? ஆனால் அதற்குள் கழகம் ஊர் ஊராகக் கிளை விட்டாயிற்று. போரிலிருந்து திரும்பியவர்களும் போதைக்கு ஆட்பட்டவர்களும் வந்து சேர்ந்தாயிற்று. தலைமைக்குச் சவால் விடுப்பவன் கைச்சண்டையா கத்திச்சண்டையா என்று தேர்ந்துகொள்ளலாம் என்பது ஜானி வகுத்த நெறி. அந்த இளைஞன் பின்னொரு நாள் சவால் விட்டு, கத்தியோடு வந்த ஜானியைத் துப்பாக்கியால் சுட்டுவிடுகிறான். தலைமுறை மாற்றத்தை இவ்வளவு சுருக்கமாகக் காட்டிய படம் அண்மையில் நான் கண்டதில்லை.

இனிப் பட்லர். 2022-ல் எல்விஸ் பிரெஸ்லியாக நடித்துப் புகழ் பெற்றவர். பென்னி அதிகம் பேசுவதில்லை. ஆகவே பட்லர் நடிக்கவே இல்லை என்று நம் நண்பர்கள் சிலர் சொல்லிவிட்டனர். இதுவும் நேர்மையான தீர்ப்பு அன்று. கழகத்தை நீ ஏற்றுக்கொள் என்று ஜானி இருளில் முகத்தோடு முகம் வைத்துக் கெஞ்சுகிறான். கழகத்தை விட்டுவிடு என்று மனைவி கெஞ்சுகிறாள். இருவருக்கும் அவன் ஒரு கனவே அன்றி மனிதன் அல்லன். யாருக்கும் பிடிகொடாமல் ஓடுவது ஒன்றே அவனுக்குத் தெரிந்த விடை. ஜானி இறந்த செய்தி கேட்டுத் திரும்பி வந்து, கேத்தி அதுவரை கண்டிராத வகையில் அழுகிறானே, அந்த அழுகைக்கு வேண்டிய வெறுமையைத்தான் பட்லர் இரண்டு மணி நேரமாகச் சேர்த்து வைக்கிறார். ஆயினும் ஒன்று சொல்வேன்: அவருடைய முகத்தைக் காமிரா சற்று அளவுக்கு மீறியே காதலிக்கிறது.

துணைப் பாத்திரங்களுள் மைக்கேல் ஷானனின் சிப்கோ ஒருவன் போதும். இராணுவத்தில் சேர விரும்பிப் போய்ப் புறந்தள்ளப்பட்ட கதையை நெருப்பருகே உட்கார்ந்து சொல்கிறான். கல்லூரி மாணவர் என்றாலே அவனுக்கு ஆகாது. நாம் எதிர்ப்பட்டால் நம் பாடு திண்டாட்டந்தான்!

குறையே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. லயன் வெறும் வேடிக்கை பார்க்க வந்தவர் அல்லர்; அதற்கு முன்பே தென் மாநிலங்களில் கறுப்பின மாணவர்களின் உரிமைப் போராட்டத்தோடு நின்று படம் எடுத்தவர். படத்தில் அவர் ஒலிவாங்கியை நீட்டும் ஒரு நல்ல பிள்ளையாக மட்டுமே வருகிறார். அத்தகைய ஒருவர் வெள்ளையர் மட்டுமே நிறைந்த இக்கூட்டத்தில் என்ன கண்டார், எதைக் கண்டு மனம் கசந்தார் என்ற கேள்வியை நிக்கல்ஸ் எழுப்பவே இல்லை. அதைப் போலவே ஜானியின் மனைவிக்கும் கிடைப்பவை ஓரிரு காட்சிகளே. கணவன் ஒரு கூட்டத்துக்கே தந்தையாகத் திரியும்போது, வீட்டில் பிள்ளைகளோடு இருந்தவள் அவள். கேத்திக்கு நீட்டிய ஒலிவாங்கியை ஐந்து நிமிடமேனும் அவளிடமும் நீட்டியிருக்கலாம்.